மலைக் கல்லூரியில் காமிக்ஸ் கூடல்: கார்ட்டூனிஸ்டை அழைப்பதற்கு முன்னும் பின்னும் செய்யவேண்டியவை

ஊட்டியில் நாங்கள் நடத்திய முதல் காமிக்ஸ் கூடலுக்கு நாற்பது மாணவர்கள் தாங்கள் வரைந்த பக்கங்களை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வரைந்துவரும், தமிழ்நாடே அறிந்த ஒரு கார்ட்டூனிஸ்ட் சிறப்பு விருந்தினர். நவம்பர் மாதம். காலை பத்து மணிக்கு வரவேண்டியவர், குன்னூர்ச் சாலையில் மண் சரிந்ததால் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். பிறகு வரவேற்புரை, நான்கு வாழ்த்துரைகள், ஏழு பொன்னாடைகள், மதிய உணவு. அவர் பேசி முடித்தபோது மணி மூன்றரை. அதன்பின் ஆறு பேருடைய பக்கங்களைத்தான் அவரால் பார்க்க முடிந்தது. மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் தன் கோப்பின் முடிச்சை அவிழ்க்காமலேயே பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார். அவர் படியிறங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அடுத்த கூடலைப் பதினைந்து மாதங்கள் கழித்து, பிப்ரவரி இறுதியில் நடத்தினோம். அதே கார்ட்டூனிஸ்ட் மனமுவந்து மறுபடி வந்தார். அந்த முறை இருபத்துநான்கு மாணவர்கள் அவருக்கு எதிரே உட்கார்ந்து தங்கள் பக்கங்களைக் காட்டினார்கள். இரண்டு கூடல்களுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கிறேன். மலையில் உள்ள ஏதோ ஒரு கல்லூரியில் நீங்களும் இதைத் தொடங்க நினைத்தால், கீழே உள்ள ஒவ்வொரு படியும் ஒரே காரியத்துக்காகத்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவரும் கார்ட்டூனிஸ்டும் ஒரே மேசையில் உட்காரும் அந்த இரண்டு மணி நேரத்தை எவரும் எதுவும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

1. முதலில் தேதி

கல்லூரி நாட்காட்டியைத் திறப்பதற்கு முன் மழையைப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் ஊட்டியின் மேற்குப் பகுதிகளையும் நனைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கொட்டும். மண்சரிவு, மலை ரயில் ரத்து, பள்ளி கல்லூரி விடுமுறை அறிவிப்பு எல்லாம் அந்த மாதங்களில்தான். டிசம்பர், ஜனவரியில் உறைபனி. சமவெளியிலிருந்து வரும் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை அந்தக் குளிருக்கு அழைப்பது சரியல்ல. ஏப்ரல், மே சீசன். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை இரண்டு மடங்கு, சாலை முழுவதும் வண்டிகள். போதாததற்கு அதே ஏப்ரலில் பருவத்தேர்வும் வந்துவிடும்.

மிஞ்சுவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. செப்டம்பரும் ஓரளவு தாங்கும். எங்களுக்குப் பிப்ரவரிதான் கைகொடுத்தது. வியாழன் அல்லது வெள்ளியாக வையுங்கள். சனிக்கிழமை வைத்தால் விடுதி மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சுற்றுலா வண்டிகளும் கூடிவிடும்.

வேலையை நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். பிப்ரவரிக் கூடல் என்றால் அக்டோபரில் முதல் கடிதம் போயிருக்க வேண்டும்.

2. விருந்தினருக்கு எழுதும் கடிதம்

முதல் முறை நான் எழுதிய கடிதத்தில் "தாங்கள் வருகை தந்து சிறப்புரை ஆற்ற வேண்டுகிறோம்" என்பதைத் தவிர ஒன்றுமே இல்லை. அவர் சிறப்புரையோடுதான் வந்தார். அது அவருடைய தவறே இல்லை. கேட்டதைத்தானே ஒருவர் கொடுக்க முடியும்?

இரண்டாவது கடிதத்தில் இப்படி எழுதினேன்: "நாற்பது நிமிடம் பேச்சு. இருபது நிமிடம் மாணவர்கள் முன் நேரடியாக வரைந்து காட்டல். இரண்டு மணி நேரம் மாணவர்களோடு மேசையில்." அவர் மறுநாளே தொலைபேசியில் அழைத்தார். மேசை எவ்வளவு உயரம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும், மாணவர்கள் என்ன தாளில் வரைகிறார்கள் என்று வரிசையாகக் கேட்டார். பேச்சின் நாற்பது நிமிடத்தை முப்பதாகக் குறைத்து வரைதல் நேரத்தைக் கூட்டச் சொன்னவரும் அவரே.

கடிதத்தில் இருக்கவேண்டிய மற்றவை: தேதி, இடம், வருவோர் எண்ணிக்கை, எந்தப் பாடப்பிரிவு மாணவர்கள், பயணச் செலவை யார் ஏற்பது, மதிப்பூதியம் எவ்வளவு. மதிப்பூதியத்தை வெளிப்படையாக எண்ணில் எழுதுங்கள். "தகுந்த மதிப்பூதியம்" என்று எழுதிவிட்டுப் பிறகு கையில் ஒரு கவரைத் திணிப்பது அவரைச் சிறுமைப்படுத்தும். எங்களால் பத்தாயிரம் ரூபாய்தான் முடிந்தது. அதை அப்படியே எழுதினோம், அவர் ஏற்றுக்கொண்டார்.

உடல்நிலையையும் தயங்காமல் கேளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைக் கல்லூரி என்றாலே படிக்கட்டுகள்தான். முழங்கால் வலி, ரத்த அழுத்தம், மூச்சுத் தொல்லை, வளைவுகளில் வரும் குமட்டல் ஆகியவற்றை முன்பே அறிந்தால் தரைத்தள அரங்கு கேட்கலாம். வண்டியை வாசல்வரை விடச் சொல்லலாம். மருத்துவரைக் கேட்டுவிட்டு வரும்படி அவரிடமும் சொல்லலாம்.

அவர் ஒப்புக்கொண்டதும் மின்னஞ்சலில் இரண்டு வரி உறுதிமொழி வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னதைக் கோப்பில் வைக்க முடியாது; கோப்பில் இல்லாததற்குப் பணம் வராது.

3. கல்லூரிக்குள் ஓடும் தாள்கள்

இங்கேதான் புதியவர்கள் சோர்ந்துபோகிறார்கள். வரிசை தெரிந்துவிட்டால் பாதிச் சுமை குறையும்.

முதலில் துறைக்கூட்டத் தீர்மானம். கூடல் நடத்துவது, ஒருங்கிணைப்பாளர் யார் என்பது, உத்தேசச் செலவு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். அடுத்து, துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு விண்ணப்பம். இதோடு இணைக்கவேண்டியவை: தீர்மான நகல், விருந்தினரின் உறுதி மின்னஞ்சல், அவரைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு, நிகழ்ச்சி நிரல், வரவு செலவுத் திட்டம். முதல்வர் கையெழுத்திட்டதும் அலுவலகத்தில் கொடுத்து ந.க. எண், அதாவது கோப்பின் பதிவு எண், வாங்குங்கள். அந்த எண்ணை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் விண்ணப்பம் பதினெட்டு நாள் எந்த மேசையில் இருக்கிறது என்றே தெரியாமல் கிடந்தது. எண் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

"காமிக்ஸ்" என்ற சொல்லைப் பார்த்ததும் "இது பாடத்திட்டத்தில் இல்லையே" என்று எவராவது கேட்பார். பதிலை விண்ணப்பத்திலேயே எழுதிவையுங்கள். தமிழ், ஆங்கிலம், இதழியல், காட்சித் தொடர்பியல் ஆகிய எந்தத் துறையிலும் படைப்பிலக்கியம் அல்லது ஊடகம் சார்ந்த பாடத்தாள் ஒன்று இருக்கும். அந்தத் தாளின் பெயரையும் அலகு எண்ணையும் குறிப்பிட்டு, அதற்கான பயிலரங்கு என்று எழுதுங்கள். இது உண்மையும்கூட. படத்தையும் சொல்லையும் இணைத்து ஒரு கதையை நகர்த்தக் கற்றுத்தர இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது.

அடுத்தது ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதம், அதாவது வகுப்புக்கு வராத அந்த நாளையும் வருகையாகக் கணக்கிடக் கேட்பது. வருகைப்பதிவு குறையும் என்ற பயத்தில் நல்ல மாணவர்கள் வராமல் போய்விடுவார்கள். உங்கள் கல்லூரி மாணவர்களுக்கும் பிற கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கும் தனித்தனியாக ஓ.டி. வரிசைப்பட்டியல் தயாரித்து, நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே துறைகளுக்கு அனுப்புங்கள். விடுதி மாணவிகளுக்கு வெளியே செல்லும் அனுமதியும் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். அதற்கு இன்னும் மூன்று நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. பணம்

எங்கள் இரண்டாவது கூடலுக்கு 110 பேர் வந்தார்கள். செலவு ஏறக்குறைய 52,000 ரூபாய். மதிப்பூதியம் 10,000. விருந்தினரின் ரயில் டிக்கெட்டும் டாக்சியும் 9,000. இரண்டு இரவு அறை வாடகை 6,000. மதிய உணவு, இருவேளைத் தேநீர், வர்க்கி (ஊட்டியின் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டம்) சேர்த்து 17,000. தாள், மை, ஜெராக்ஸ் 5,000. மீதி பதாகை, சான்றிதழ், நினைவுப் பரிசு, சில்லறைச் செலவுகள்.

கல்லூரி முன்பணம் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள்தான் கைக்கு வரும், சில சமயம் பிறகுதான் வரும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். டிக்கெட்டையும் அறையையும் முதலில் யாராவது தன் கைப்பணத்தில் எடுக்க வேண்டியிருக்கும். அது யார் என்பதைத் துறைக்கூட்டத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தற்காலிகப் பணியில் இருக்கும் விரிவுரையாளர் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

பதிவுக் கட்டணம் வசூலித்தால் கல்லூரிக் கணக்கிலோ துறைச் சங்கக் கணக்கிலோ மட்டும் வாங்குங்கள். ஒருங்கிணைப்பாளரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்வது பெரிய ஆபத்து. ஐம்பது ரூபாய் வீதம் எண்பது பேர் அனுப்பினாலும் தணிக்கையில் அது உங்கள் பெயரில் வந்த பணம்தான்.

பொருள் வாங்கும் இடங்களில் மூன்று விலைப்புள்ளி கேட்பார்கள். உணவு, அச்சு, பதாகை மூன்றுக்கும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பில்லில் கல்லூரியின் பெயர், தேதி, ஜிஎஸ்டி எண் மூன்றும் இருக்கிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள்.

மதிப்பூதியத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். அதற்கு விருந்தினரின் பான் எண், வங்கிக் கணக்கு விவரம், ரத்துசெய்த காசோலை நகல் வேண்டும். இவற்றை அழைப்புக் கடிதத்தோடு கேட்காமல், உறுதி வந்தபின் தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடிக்க வேண்டும். பிடிக்கவேண்டிய இடத்தில் பான் இல்லையென்றால் 20 சதவீதமாகிவிடும். எதையாவது பணமாகக் கொடுக்க நேர்ந்து தொகை 5,000 ரூபாய்க்கு மேல் போனால், ரசீதில் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்குங்கள். ஸ்டாம்ப் இல்லாத ஒரே ரசீதுக்காக எங்கள் கணக்கு முழுவதும் ஒரு மாதம் திரும்பி வந்துகொண்டிருந்தது. நாலைந்து ஸ்டாம்புகளைப் பர்ஸிலேயே வைத்திருங்கள்.

5. விருந்தினரை மலைக்கு அழைத்துவருதல்

ஒரு நாள் முன்னதாக வரவழையுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அன்று காலை வந்து அன்றே பேசிவிட்டுப் போகலாம் என்பது சமவெளிக் கணக்கு.

சென்னையிலிருந்து என்றால் நீலகிரி எக்ஸ்பிரஸ் நல்லது. இரவு ஏறினால் காலை ஆறு மணிக்குமேல் மேட்டுப்பாளையம். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அந்த நாளைக் குறித்துவைத்துத் திறந்த அன்றே எடுங்கள், கீழ்ப்படுக்கையாக. அங்கிருந்து ஊட்டிக்கு 51 கிலோமீட்டர், வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குமேல். கோவை விமான நிலையத்திலிருந்து என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

மலை ரயிலில் வரவேண்டும் என்று விருந்தினரே ஆசைப்படலாம். வரைகிறவருக்கு அந்தப் பாதை ஒரு விருந்து. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணிக்குமேல் கிளம்பி ஊட்டிக்கு வந்து சேர நண்பகலாகிவிடும். மழையில் மண் சரிந்தால் ரத்து. முந்தைய நாள் வரும்போது மட்டும் அதில் அழைத்துவாருங்கள். நிகழ்ச்சி நாளில் அதை நம்பவே நம்பாதீர்கள்.

சமவெளிப் பதிவெண் கொண்ட டாக்சியில் வருகிறார் என்றால் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி, வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் இல்லை. வண்டி எண், கைப்பேசி எண், வருவோர் எண்ணிக்கை, தங்குமிடம், வரும் போகும் தேதிகள் கேட்பார்கள். டிஎன் 43 பதிவெண் கொண்ட உள்ளூர் வண்டிகளுக்கும் அரசு பஸ்ஸில் வருபவர்களுக்கும் தேவையில்லை. டாக்சிக்காரர் எடுத்திருப்பார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நீங்கள் எடுத்திருப்பீர்கள் என்று அவர் நினைப்பார். முதல் முறை இப்படித்தான் கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டி ஓரங்கட்டப்பட்டு அரை மணி நேரம் போனது. ஊட்டியிலிருந்தே டிஎன் 43 டாக்சியைக் கீழே அனுப்புவதுதான் நிம்மதி. போய்வரும் வாடகை கொஞ்சம் கூடும். ஆனால் ஓட்டுநருக்கு மூடுபனியும் தெரியும், குன்னூர் அடைத்தால் கோத்தகிரி வழியாக ஏறவும் தெரியும்.

கொடைக்கானல் பக்கம் நடத்துகிறவர்களுக்கு: கொடை ரோடு ரயில் நிலையத்தில் இறங்கினால் மலைக்கு இன்னும் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் இருக்கிறது. பெயரை நம்பி விருந்தினரிடம் "ஸ்டேஷன் பக்கம்தான்" என்று சொல்லிவிடாதீர்கள்.

அறையில் கூடுதல் கம்பளி, வெந்நீர் பிளாஸ்க், மேசை விளக்கு இருக்கட்டும். ஸ்வெட்டர் கொண்டுவரச் சொல்லிக் கடைசி நாளில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். திரும்பும் ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்குமேல் கிளம்பும். மாலை ஐந்து மணிக்கு ஊட்டியை விட்டுப் புறப்பட்டால் பதற்றமில்லை.

6. அரங்கும் மேசையும்

பெரிய அரங்கைவிட ஜன்னல் உள்ள நீண்ட வகுப்பறை நல்லது. விருந்தினர் வலக்கைக்காரர் என்றால் அவருக்கு இடப்பக்கம் ஜன்னல் வரும்படி மேசையைப் போடுங்கள். இல்லையென்றால் தன் கையின் நிழலிலேயே வரைய வேண்டியிருக்கும். மூடுபனி இறங்கினால் நண்பகலிலும் வெளிச்சம் செத்துவிடும். ஆகவே ஒரு மேசை விளக்கும் வேண்டும்.

நேரடி வரைதலைப் பின்வரிசைக்குக் காட்ட விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கைப்பேசியைக் கவிழ்ந்த நிலையில் ஸ்டாண்டில் பொருத்தி, தாளை நேர்மேலிருந்து படம்பிடித்து, கேபிள் வழியாகப் புரொஜெக்டருக்குக் கொடுத்தால் போதும். முந்தைய நாள் மாலை அதே மேசை, அதே கைப்பேசி, அதே கேபிளை வைத்துச் சோதியுங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் வேண்டும். எங்களிடம் இருந்த பதில் ஒரு கரும்பலகையும் வண்ணச் சாக்பீஸும். பதினைந்து நிமிடம் மின்சாரம் போனபோது அவர் எழுந்துபோய்க் கரும்பலகையில் ஒரு காட்டெருமையை வரைந்தார். அன்று மாணவர்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்தக் காட்டெருமையைப் பற்றித்தான்.

மேசையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைக்கும் பழக்கம் சமவெளியிலிருந்து வந்தது. இங்கே அதற்குத் தடை இருக்கிறது. சில்வர் ஜாடியும் கண்ணாடி டம்ளரும் வையுங்கள். ஃபிளெக்ஸ் பதாகைக்குப் பதில் துணிப் பதாகை. இன்னும் நல்லது, மாணவர்களே சார்ட்டில் வரைந்து ஒட்டுவது.

பதாகையோ சான்றிதழோ அச்சுக்கடைக்குக் கொடுத்தால் யூனிகோடு எழுத்தில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். அவர்கள் கணினியின் மென்பொருளோ எழுத்துருவோ அதற்கு ஒத்துவராவிட்டால் கொம்பும் காலும் இடம்மாறி வார்த்தையே சிதைந்துவிடும். பிடிஎஃப் ஆக்கி அனுப்பி, அச்சிடும் முன் திரையில் ஒருமுறை நேரில் படியுங்கள். முதல் ஆண்டு எங்கள் பதாகையில் "கூடல்" என்ற சொல்லே உடைந்துபோய்த் தொங்கியது.

7. மாணவர்களைத் தயார்செய்தல்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மற்ற எல்லாவற்றையும் யாரிடமாவது ஒப்படைக்கலாம். இதை நீங்களே செய்யுங்கள். கூடலுக்கு ஆறு வாரங்களுக்கு முன்பிருந்து, வாரம் ஒரு மாலை.

வெறுங்கையோடு விருந்தினர் முன் மாணவரை உட்கார வைக்காதீர்கள். "எப்படி ஐயா உங்களுக்கு ஐடியா வருகிறது" என்று கேட்டுவிட்டு எழுந்துவருவார்கள். முடித்த வேலை ஒன்று கையில் இருந்தால் பேச்சு தானாக வேறு வழியில் போகும். முடிக்கக்கூடிய அளவு என்றால் அது ஒற்றை ஏ4 தாளில் எட்டுப் பக்கச் சிறு புத்தகம்.

செய்முறை: தாளைக் குறுக்காக வைத்து நீளவாட்டில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு இடமிருந்து வலமாகப் பாதி, அந்தப் பாதியில் மறுபடி பாதி மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். அகலவாட்டில் ஒரு மடிப்பு மட்டும் மடித்து, மடிந்த விளிம்பிலிருந்து நடுக்கோட்டின் மேல் அடுத்த மடிப்புவரை கத்தரியுங்கள். விரித்து, நீளவாட்டில் மடித்து, இரு ஓரங்களையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டு வாய் திறந்து புத்தகமாகச் சேரும். ஒட்டு வேண்டாம், பின் வேண்டாம். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் செய்து, பக்கங்களுக்குப் பென்சிலால் எண் போட்டு, பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வரிசை தலைகீழாக நிற்கும். அதைப் பார்த்தபின் வரைந்தால் தப்பு வராது. ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 7.4 சென்டிமீட்டர் அகலம், 10.5 சென்டிமீட்டர் உயரம். அதற்குள் இரண்டு படக்கட்டம், மிஞ்சினால் மூன்று.

இந்தச் சிறு பக்கத்தில் தமிழ் எழுதுவது தனிக் கலை. நம் சொற்கள் நீளமானவை. படத்தை வரைந்துவிட்டுப் பேச்சுக் குமிழியைப் போட்டு, அதற்குள் வசனத்தை அடைக்கப் பார்த்தால் "போய்க்கொண்டிருக்கிறேன்" என்ற ஒரு சொல்லே கட்டத்தை விழுங்கிவிடும். முதலில் வசனத்தை எழுதுங்கள், அதைச் சுற்றிக் குமிழியைப் போடுங்கள், மிச்சமிருக்கும் இடத்தில் ஆளை வரையுங்கள். வசனம் நீளம் என்று தோன்றினால் சுருக்கவேண்டியது வசனத்தையே, எழுத்தின் அளவை அல்ல. எழுத்து மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஜெராக்ஸில் "ண" வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளிகள் மறைந்துபோகும். புள்ளி போனால் "கல்" "கல" ஆகிவிடும். புள்ளியைச் சிறு வட்டமாக, அழுத்தமாக வையுங்கள்.

கறுப்பு மை மட்டும். நீல பால்பாயின்ட் நகலில் வெளுத்துவிடும். ஓரத்தில் அரை சென்டிமீட்டர் விட்டு வரையுங்கள். நகலெடுக்கும்போது விளிம்பு வெட்டுப்படும். மலைக் காற்றின் ஈரத்தில் இந்தியன் இங்க் காயச் சமவெளியைவிட அதிக நேரம் எடுக்கும். கை பட்டு இழுபடாமல் இருக்க இரவு முழுவதும் காயவிடுங்கள். தாள் கட்டுகளை உறை பிரிக்காமல் அலமாரியில் வையுங்கள். ஈரம் குடித்த தாள் ஜெராக்ஸ் இயந்திரத்தில் சிக்கிக்கொண்டே இருக்கும். எட்டுப் பக்கமும் அடங்கிய அந்த ஒற்றைத் தாளின் நகல் இரண்டு ரூபாய். ஆளுக்கு இருபது நகல் என்றால் நாற்பது ரூபாயில் ஒரு மாணவர் தன் முதல் புத்தகத்தை வெளியிட்டுவிடுகிறார்.

என்ன வரைவது என்று கேட்பார்கள். முதல் வாரம் எல்லாருமே முகமூடி அணிந்த வீரர்களைத்தான் வரைந்தார்கள். நான் ஒரேயொரு நிபந்தனை போட்டேன்: நீங்கள் நேரில் பார்த்த இடமாக இருக்க வேண்டும். அதன்பின் வந்தவை வேறு. பசுந்தேயிலை எடைபோடும் இடத்தில் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா. காட்டெருமை வழிமறித்ததால் தேர்வுக்குத் தாமதமானவன். ஹட்டியில் (படுகர் ஊரில்) தனியாக இருக்கும் பாட்டி, படுகர் மொழியில் சொல்லும் வசைகளோடு. பேக்கரிக் கதவைத் தள்ளிய கரடி. சமவெளியில் இருக்கும் எவராலும் வரைய முடியாத கதைகள் இவை.

மாதிரிக்குப் பழைய தமிழ்க் காமிக்ஸ் இதழ்களை ஒரு மேசையில் வையுங்கள். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வந்தவை. சேகரிப்பாளர்கள் கேட்டால் தருவார்கள். ஆனால் இரவல் வாங்கும் ஒவ்வொரு இதழுக்கும் பதிவேட்டில் கையெழுத்து, பக்கத்திலேயே ஒரு மாணவர் காவல். தேநீர்க் கோப்பையோடு எவரும் அந்த மேசையை நெருங்கக் கூடாது.

8. அன்றைய நாள்

மலைக் கல்லூரியின் நாள் நான்கு மணிக்கு முடிந்துவிட வேண்டும். கீழ்கோத்தகிரி, மஞ்சூர், கூடலூர்ப் பக்கம் போகும் மாணவர்கள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். அந்தி சாய்ந்தால் சாலையில் விலங்குகள் இறங்கிவிடும்.

9.30க்குப் பதிவு. 10 மணிக்குத் தொடக்கம்: தமிழ்த்தாய் வாழ்த்து 55 நொடி, வரவேற்பு ஐந்து நிமிடம், விருந்தினர் அறிமுகம் மூன்று நிமிடம், ஒரே ஒரு பொன்னாடை. 10.15க்கு அவருடைய பேச்சு, 10.45க்கு வரைதல். 11.15க்குத் தேநீரும் வர்க்கியும். 11.30 முதல் 12.50 வரை மேசை. மதிய உணவு. 1.45 முதல் 2.25 வரை மறுபடி மேசை. பிறகு கேள்விகள், சீட்டில் எழுதி வாங்கிப் படியுங்கள், ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால் கேள்வி உரையாகிவிடும். 3 மணிக்குச் சான்றிதழ். 3.30க்கு முடிவு.

வாழ்த்துரைக்கு இடம் கேட்பவர்களை என்ன செய்வது? அவர்களை மறுத்து மனம் நோகச் செய்ய வேண்டாம். மாலையில் சான்றிதழ் வழங்க அழையுங்கள், அங்கே இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். எங்கள் முதல்வரே இந்த யோசனையை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். சான்றிதழ் கொடுக்கும் கைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறதல்லவா.

மேசைக்கு நான்கு பேர் கொண்ட குழு, குழுவுக்கு இருபது நிமிடம். ஆறு குழுக்கள், இரண்டு மணி நேரம், இருபத்துநான்கு பேர். மணி பார்க்கக் கண்டிப்பான மாணவர் ஒருவரை நிறுத்துங்கள். தூரத்து ஊர்க்காரர்களை முதல் இரண்டு குழுக்களில் போடுங்கள். மேசைக்கு வர முடியாதவர்களின் புத்தகங்களைக் கயிற்றில் மரக் கிளிப் போட்டுச் சுவரோரம் தொங்கவிடுங்கள். உணவு இடைவேளையில் அவர் அந்தக் கயிற்றோரமாக நடந்து, ஒவ்வொன்றையும் எடுத்துப் படித்துவிட்டு அதே இடத்தில் மாட்டினார்.

சான்றிதழில் பெயரை அச்சிடாதீர்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் இரண்டு மாணவர்கள், பதிவேட்டைப் பார்த்துக் கறுப்பு மையில் எழுதட்டும். பிழை குறையும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

9. முடிந்த பின்

கணக்கை ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். பில்கள், ரசீதுகள், வருகைப்பதிவு, புகைப்படங்கள், இரண்டு பக்க அறிக்கை, முன்பணத் தீர்வு ஆகியவற்றின் நகலையும் உங்களிடம் ஒரு தொகுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பூதியம் அவர் கணக்கில் ஏறிவிட்டதா என்று நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள். அவராக நினைவூட்டும் நிலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மேடையில் அவர் வரைந்த மூலப்படங்கள் யாருக்குச் சொந்தம் என்பதை முன்பே எழுத்தில் பேசியிருக்க வேண்டும். அவர் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார் என்றாலும் அதைப் புத்தக அட்டையிலோ அடுத்த ஆண்டுப் பதாகையிலோ அச்சிட 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவருடைய அனுமதி வேண்டும். தாள் கைக்கு வந்ததால் உரிமை வந்துவிடாது. பத்திரிகையில் வெளிவந்த அவருடைய பழைய படங்களுக்கு அந்தப் பத்திரிகையின் ஒப்புதலும் தேவைப்படலாம். மாணவர்களின் புத்தகங்களைத் தொகுத்து அச்சிட்டாலும் இதே நியதிதான். ஒவ்வொருவரிடமும் ஒரு வரி ஒப்புதலும் கையெழுத்தும் வாங்குங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்தானே என்று கேட்காமல் விடாதீர்கள்.

நாங்கள் இருபத்துநான்கு புத்தகங்களின் நகல்களையும் ஒரு உறையில் போட்டு விருந்தினருக்குத் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து உறை திரும்பி வந்தது. ஒவ்வொரு நகலிலும் பென்சிலில் குறிப்புகள். மஞ்சூர் மாணவி அதற்குள் படிப்பை முடித்து ஊருக்குப் போயிருந்தார். முதல் கூடலில் காட்ட முடியாத பக்கங்களைத் தபாலில் வரவழைத்து இந்தக் கட்டில் சேர்த்திருந்தேன். அவருடைய மூன்றாம் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்துபோகும் அம்மாவின் முதுகுக்குப் பக்கத்தில், "இந்தக் கட்டத்தில் வசனம் வேண்டாம்" என்று கார்ட்டூனிஸ்ட் எழுதியிருந்தார். அந்த நகலை மறுநாளே மஞ்சூருக்கு அனுப்பிவிட்டேன்.